சீவாளியும் ஃபஸ் கிட்டாரும்

ஒரு ராக் குழுவில் இரண்டு பேர் ஓபோ என்ற மேற்கத்திய ஊதுகுழல் வாசிப்பார்கள், மூன்றாமவர் வயலின் குடும்பத்துப் பெரிய கருவியான செல்லோ வாசிப்பார் என்றால் கேட்கிறவர்கள் முதலில் நம்புவதில்லை. அப்படி ஒரு குழு நிஜமாகவே இருந்தது. பெயர் நியூயார்க் ராக் அண்ட் ரோல் என்செம்பிள். அதைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அந்தக் குழுவைக் கேட்டுக் கேட்டுத்தான் குன்னூரில் நாங்கள் சில பேர் கிட்டாரையும் நாதஸ்வரத்தையும் ஒரே மேடையில் உட்கார வைத்தோம். இதே மாதிரி முயற்சி செய்ய நினைப்பவர்களுக்கு எங்கள் அனுபவம் உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் குழு. மைக்கேல் கேமன், மார்ட்டி ஃபுல்டர்மன், டோரியன் ருட்நிட்ஸ்கி மூவரும் நியூயார்க்கில் ஜூலியார்ட் இசைப் பள்ளி மாணவர்கள். கேமன் கீபோர்டும் ஓபோவும், ஃபுல்டர்மன் டிரம்ஸும் ஓபோவும், ருட்நிட்ஸ்கி பேஸ் கிட்டாரும் செல்லோவும் வாசித்தார்கள். பிரையன் காரிகன், கிளிஃப் நிவிசன் என்ற இரண்டு ராக் கிட்டார்காரர்கள் சேர்ந்தார்கள். முதல் இசைத்தட்டு 1968இல் அட்கோ நிறுவனத்தில் வந்தது. கச்சேரிக்குப் போகும் மேற்கத்திய சாஸ்திரியக் கலைஞர்கள் போடுகிற கறுப்புக் கோட்டும் வெள்ளை டையும்தான் மேடையில் உடை. பழைய ஐரோப்பிய பாணியான பரோக் இசையை மின்கருவிகளிலும், ராக்கை ஓபோவிலும் செல்லோவிலும் வாசிப்பார்கள்.

1969 ஏப்ரலில் அமெரிக்க இசை நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் இளைஞர்களுக்காக நடத்திய தொலைக்காட்சிக் கச்சேரி ஒன்றில் இவர்களை மேடையேற்றினார். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் பழைய இசையைப் புதிய காலம் எப்படியெல்லாம் எடுத்து வாசிக்கிறது என்பதுதான் அன்றைய நிகழ்ச்சியின் பொருள். பாக்கின் ஐந்தாம் பிராண்டன்பர்க் கான்சர்ட்டோதான் இவர்கள் எடுத்துக் கொண்டது. பிறகு பெயரிலிருந்து 'ரோல்' போய் நியூயார்க் ராக் என்செம்பிள் ஆனார்கள். 1972க்குப் பிறகு தட்டு வரவில்லை. ஆனால் கேமனை நீங்கள் தெரியாமலே கேட்டிருப்பீர்கள். பிங்க் ஃபிளாய்டின் 1979 ஆல்பமான 'தி வால்' தட்டில் ஆர்கெஸ்ட்ராவைப் பார்த்துக் கொண்டவர்களில் ஒருவர் அவர். 1999இல் மெட்டாலிகா ராக் குழுவோடு சான் ஃபிரான்சிஸ்கோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை நிறுத்தி நடத்தியதும் அவர்தான். ஃபுல்டர்மன் பின்னால் மார்க் ஸ்னோ என்று பெயரை மாற்றிக் கொண்டு 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடருக்கு இசையமைத்தார்.

அந்த முதல் தட்டு எனக்குக் கிடைத்தது குன்னூரில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது. அட்டைப்பெட்டியில் கட்டுக் கட்டாக எல்.பி. தட்டுகள், எல்லாவற்றிலும் பூஞ்சை. மலையில் தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆபத்து. பூஞ்சை பிடித்தது பெரும்பாலும் மேலுறைதான், வினைல் பிழைத்துக்கொள்ளும். டிஸ்டில்ட் வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். நடுவில் உள்ள லேபிள் நனையக் கூடாது. இன்னொரு முறை வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் துடைத்து, நிழலில் நிற்க வைத்துக் காயவிட்டு, புது உள்ளுறையில் போட வேண்டும். பழைய உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், பூஞ்சை அதிலிருந்துதான் திரும்ப வரும். ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது வினைலுக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகளில் அரக்கு இருப்பதால் அது கரைந்துவிடும்.

சரி, தட்டில் என்ன இருந்தது? ஓபோ வந்த இடத்தில் நான் ஊசியைத் தூக்கிவிட்டேன். நாயனம் மாதிரி இருந்தது. சாயல் அல்ல, அந்த மூக்கடைத்த கூர்மை, காற்றை அழுத்திப் பிழிந்து வருகிற அந்தக் குரல். யோசித்துப் பார்த்தால் உறவு சரியானதுதான். ஓபோவுக்கும் நாதஸ்வரத்துக்கும் வாயில் வைப்பது இரட்டை நாக்குள்ள சீவாளி. இதே நீலகிரியில் கோத்தர்கள் தங்கள் விழாவிலும் இழவிலும் ஊதுகிற கொள் என்ற குழலும் அதே வகை. நியூயார்க்காரன் கையில் இருந்த ஓபோவுக்குச் சொந்தக்காரர்கள் இந்த மலையிலும் அடிவாரத்திலும் இருக்கும்போது, நாங்கள் ஏன் கீபோர்டில் 'ஓபோ' பட்டனை அமுக்கிக் கொண்டிருக்க வேண்டும்?

அந்தத் தட்டு முழுவதும் அருமை என்று சொல்லமாட்டேன். ஒரு ராக் பாட்டு, அப்புறம் பக்கத்திலேயே ட்ரையோ சொனாட்டா என்கிற ஒரு பரோக் உருப்படி, அப்புறம் மறுபடி ராக் என்று போகிறது. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன, ஆனால் அடுப்பு வேறு வேறு. 1970இல் கிரேக்க இசையமைப்பாளர் மனோஸ் ஹஜிடாகிஸோடு சேர்ந்து செய்த 'ரிஃப்ளெக்ஷன்ஸ்' தட்டில்தான் அடுப்பு ஒன்றானது. அப்போது ஹஜிடாகிஸ் நியூயார்க்கில் இருந்தார். மெட்டு அவருடையது, வாசிப்பு இவர்களுடையது. செல்லோவும் கிட்டாரும் ஒன்றை ஒன்று அலங்கரிப்பதை நிறுத்திவிட்டு ஒரே மெட்டைச் சுமக்கின்றன. அதில் உள்ள 'கெமால்' என்ற பாட்டு பின்னால் கிரேக்க மொழியில் வந்து அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டாகிவிட்டது.

சித்திரையில் தந்தி மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அடிவாரத்திலிருந்து மேளக்காரர்கள் வருவார்கள். அதில் காரமடைப் பக்கத்து நாதஸ்வர அண்ணா ஒருவரிடம் போய்க் கேட்டேன். கூட அவருடைய அக்கா மகன், தவில். எங்கள் பக்கம் நான் கிட்டார், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற நண்பர், பேஸ் ஒருவர், டிரம்ஸ் ஒருவர். அண்ணா தட்டை முழுசாகக் கேட்டார். ஓபோ வந்ததும், "மூச்ச ரொம்ப அளந்து விடறானுங்க தம்பி, பயப்படறான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா சுத்தமா இருக்குதுங்க" என்று தானே சேர்த்துக் கொண்டார்.

முதல் சிக்கல் சுருதி. நாதஸ்வரத்தின் சுருதி மரத்தின் நீளத்தில் இருக்கிறது. சீவாளியைக் கொஞ்சம் உள்ளே தள்ளியோ வெளியே இழுத்தோ நூல் அளவுக்குச் சரிசெய்யலாம், அவ்வளவுதான். அண்ணாவின் நீளமான பாரி நாயனம், சுருதியை அளக்கும் கட்டைக் கணக்கில், இரண்டரைக் கட்டை. "நாயனத்த உங்க கிட்டாருக்கு இழுக்க முடியாதுங்க தம்பி. கிட்டாரத்தான் இங்க கொண்டாரோணும்" என்றார். கொண்டு வந்தோம். வழி மிக எளிது. கிட்டாரின் ஆறு கம்பிகளையும் அரைக் கட்டை இறக்கிவிட்டால் மேலே இருக்கும் தடித்த கம்பி திறந்த நிலையிலேயே இரண்டரைக் கட்டை ஸட்ஜமாகிவிடும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் கிட்டாரை அரைக் கட்டை இறக்கித்தான் பெரும்பாலும் வாசித்தார் என்பதால் ராக் கைக்கு இது பழக்கமான இறக்கம்தான். பேஸ் கிட்டாருக்கும் அதே. கீபோர்டுக்கு டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது, ஆனால் அது அரை அரைக் கட்டையாகத்தான் தாவும். நாயனம் நடுவில் நின்றால் மெனுவுக்குள் போய் 440 என்று இருக்கும் ட்யூனிங் எண்ணை ஒன்றிரண்டு ஏற்றி இறக்க வேண்டும். பல பேர் வீட்டுக் கீபோர்டிலும் இந்த வசதி இருக்கிறது, யாரும் தொடுவதில்லை.

மலையில் இதற்கு மேல் இன்னொரு தொல்லை உண்டு. குளிர். ஊதுகிற கருவியின் சுருதி உள்ளே இருக்கும் காற்றின் சூட்டைப் பொறுத்தது. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 3 சென்ட் மாறும், 100 சென்ட் சேர்ந்தால் அரைக் கட்டை. மார்கழி மாலையில் நாயனத்தைப் பையிலிருந்து எடுத்த உடனே ஊதினால் இறங்கி நிற்கும், ஊத ஊத ஏறும். கிட்டாரின் உருக்குக் கம்பியோ நேர் எதிர். குளிரில் சுருங்கி, இழுவை கூடி, சுருதி ஏறிவிடும். ஹாலில் கூட்டம் சேர்ந்து சூடானதும் இறங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்கின்றன என்பது புரிந்த பிறகு எங்கள் வழக்கத்தை மாற்றினோம். ஹாலுக்கு வந்ததும் கிட்டாரை உறையிலிருந்து எடுத்து ஸ்டாண்டில் வைத்துவிடுவோம். அண்ணா ஓரமாக உட்கார்ந்து ஒரு ராகத்தை நிதானமாக ஊதி முடித்த பிறகுதான் ட்யூனர் வெளியே வரும். ட்யூனரின் விளக்கு என்ன சொன்னாலும் அண்ணாவின் ஸட்ஜம்தான் கடைசி வார்த்தை.

அண்ணா சீவாளி கட்டுவதை நேரில் பார்க்க வேண்டும். நாயனத்தின் கழுத்திலிருந்து நூலில் உபரிச் சீவாளிகள் தொங்கும், கூடவே ஒரு மெல்லிய குச்சி. சீவாளியை வாயில் போட்டு ஊறவைத்துக்கொண்டே பேசுவார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்து அதன் இரண்டு உதடுகளுக்கு நடுவில் குச்சியை விட்டு ஒரு தடவை திருகுவார். வெறும் சீவாளியை மட்டும் ஊதிப் பார்ப்பார், 'கீ' என்று வரும். அந்த 'கீ'யிலேயே இன்று எது ஆகும் எது ஆகாது என்று அவருக்குத் தெரிந்துவிடும். பனிக்காற்றில் சீவாளி வாயிலிருந்து எடுத்த கொஞ்ச நேரத்தில் ஜில்லென்று ஆகிவிடுகிறது என்று இரண்டு பாட்டுக்கு நடுவில் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். ஓபோ வாசிப்பவர்களும் இப்படித்தான் தங்கள் சீவாளியைத் தாங்களே செதுக்கிக் கொண்டு திரிகிறார்கள். கேமனும் ஃபுல்டர்மனும் டிரம்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரில் சீவாளி ஊறவைத்திருப்பார்கள் என்று நானே கற்பனை செய்துகொள்வேன்.

அடுத்தது கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற ஃபஸ் பெடல். அந்தக் காலத்து சைக்கடெலிக் ராக்கின் குரலே அந்தக் கரகரப்புதான். அதைக் கர்நாடக ராகத்தோடு சேர்க்கும்போது ஒரு விதி உண்டு. ஃபஸ் பெடல் இரண்டு ஸ்வரங்களை வாங்கினால் அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் புது ஸ்வரங்களாகத் துப்பும். ஸட்ஜமும் பஞ்சமமும் 2க்கு 3 என்ற கணக்கில் இருப்பவை. கழித்தால் 1, அதாவது கீழ் ஸ்தாயி ஸட்ஜம். அதனால்தான் ச-ப சேர்த்து ஃபஸ்ஸில் அடித்தால் தம்புராவுக்குக் கீழே இன்னொரு தம்புரா வைத்த மாதிரி நிற்கிறது. அதே பெடலில் காந்தாரத்தையும் சேர்த்து முழு கார்டு பிடித்துப் பாருங்கள், சேறு. ச-ப மட்டும் பிடிப்பதற்கு ராக் கிட்டார்காரர்கள் பவர் கார்டு என்று பேர் வைத்திருக்கிறார்கள், நம் ஆட்கள் சுருதி என்கிறார்கள். எங்கள் குழுவில் ஃபஸ் போட்டால் ச-ப மட்டும்தான். காந்தாரம், தைவதம் எல்லாம் நாயனத்தின் பொறுப்பு. அவர் அசைத்து ஊதுகிற ஸ்வரத்தை நான் ஃப்ரெட்டில் அசையாமல் பிடித்து நின்றால் இரண்டும் உரசும். கிட்டார் அங்கே போகவே கூடாது.

ஆனால் ஹிந்தோளத்தில் பஞ்சமம் கிடையாது. பழக்கதோஷத்தில் ச-ப அடித்தால் ராகமே போய்விடும். அங்கே ச-ம பிடிக்க வேண்டும். அரைக் கட்டை இறக்கிய கிட்டாரில் ஆறாவது கம்பியும் ஐந்தாவது கம்பியும் திறந்தபடியே அந்த ச-மதான்! கையை வைக்கவே வேண்டாம். எங்கள் முதல் உருப்படியான ஒத்திகை ஹிந்தோளத்தில் அமைந்ததற்கு இந்தச் சௌகரியம்தான் காரணம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் மோகனம், ஹம்ஸத்வனி, கீரவாணியில் ஆரம்பிக்கலாம். கீரவாணி மேற்கத்தியர்களின் ஹார்மோனிக் மைனர் வரிசையேதான் என்பதால் கீபோர்டு நண்பருக்கு முதல் நாளே கை பழகிவிட்டது. தோடியை நாங்கள் தொடவில்லை. நாயனக்காரரின் தோடிக்குப் பக்கத்தில் கீபோர்டை வைப்பது அபசாரம் என்பது என் அபிப்பிராயம், அண்ணாவும் வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர அதேதான்.

டிரம்ஸும் தவிலும் சேருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சேரும், டிரம்ஸ்காரர் பாதிக் கருவிகளைக் கழற்றி வைத்தால். தவிலின் தொப்பிப் பக்கம் குச்சியால் விழுகிற அடியும் டிரம்ஸின் பெரிய கிக் சத்தமும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். நாங்கள் டாம்களை எடுத்துவிட்டு ஸ்நேர், ஹை-ஹாட், தலையணை திணித்த கிக் மட்டும் வைத்தோம். தாளத்தில் ஒரு நல்ல பொருத்தம் தானாகவே அமைந்தது. ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தில் தட்டு விழுவது ஒன்று, ஐந்து, ஏழில். ராக்கில் ஸ்நேர் விழுவது இரண்டு, நான்கு, ஆறு, எட்டில். கை திருப்பி வீசுகிற இடத்தில் ஸ்நேர் வந்து நிற்கிறது. ஆகவே தவில் தாளத்தைச் சொல்லட்டும், ஸ்நேர் வீச்சைச் சொல்லட்டும் என்று பிரித்துக் கொண்டோம்.

சத்தத்தைப் பொறுத்தவரை வயலின், வீணைக்காரர்கள் படும் பாடு எங்களுக்கு இல்லை. நாயனம் மைக் இல்லாமலே டிரம்ஸை வெல்லும். பெரிய இடத்தில் மைக் வைத்தால் குழலின் விரிந்த அடிவாயான அணசுக்கு நேராக வைக்காதீர்கள். துளைகளிலிருந்தும் சத்தம் வருகிறது, அதனால் ஒரு கை நீளம் தள்ளி, குழலின் நடுப்பகுதியைப் பார்த்து வைத்தால்தான் முழுக் குரல் கிடைக்கும். பழைய கட்டட ஹால்களில் எர்த் சரியாக இருக்காது, கிட்டார் ஆம்ப் 'ம்ம்ம்' என்று முனகும். ஆம்ப், கீபோர்டு, மிக்ஸர் எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டிலிருந்து எடுத்தால் பாதி முனகல் போய்விடும்.

இதெல்லாம் கருவி விஷயம். நியூயார்க்காரர்களிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட பெரிய விஷயம் வேறு. அவர்கள் ராக் குழுவுக்கு நடுவில் ஒரு ஓபோக்காரரைக் கூலிக்குக் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை. டிரம்ஸ் அடித்தவரே ஓபோ ஊதினார். பேஸ் வாசித்தவரே செல்லோவை எடுத்தார். பாக் எங்கே மூச்சு விடுவார், பேஸ் எங்கே இழுக்கும் என்பது இரண்டும் ஒரே ஆளின் உடம்பில் இருந்தது. கலப்பு அங்கேதான் நடக்கிறது. இந்த மாதிரி நிகழ்ச்சிகள் எத்தனையோ பார்க்கிறோம், நாலு கார்டுக்கு மேல் ஒரு வித்வான் ஆலாபனை செய்வார், கை தட்டுவோம், அவர் ஒரு வண்டியில் இவர்கள் ஒரு வண்டியில் வீட்டுக்குப் போவார்கள்.

அதனால் பாட்டு எதையும் எடுக்கும் முன்னால் நாங்கள் இடம் மாறி உட்கார்ந்தோம். நான் அண்ணாவிடம் சரளி வரிசையிலிருந்து வாயால் பாடினேன், அவர் கிட்டாரைத் தொடவிடவில்லை. அது எனக்குச் சுலபமாக இல்லை, ஆனால் ஸ்வரத்தை வாயில் அசைத்துப் பார்த்த பிறகுதான் எங்கே விரலை எடுத்துவிட வேண்டும் என்பது புரிந்தது. டிரம்ஸ் நண்பர் தவில் தம்பியிடம் சொற்கட்டு கற்றுக்கொண்டார், 'தகிட தகதிமி' என்று டீ குடிக்கும்போதுகூடத் தொடையில் தட்டிக் கொண்டிருந்தார். தவில் தம்பியோ டிரம்ஸில் உட்கார்ந்து கிக் பெடலை மிதித்துப் பார்த்துவிட்டு, "காலுக்கும் வேலை வெச்சிருக்கான் பாருங்க மாமா" என்று சந்தோஷப்பட்டான். அண்ணா மட்டும் கிட்டாரை வாங்கி மடியில் வைத்து ஒற்றைக் கம்பியை இழுத்து இழுத்துப் பார்த்தார். கம்பியை வளைத்தால் கமகம் வருகிறது என்று கண்டுபிடித்து, நான் வளைப்பது போதாது என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

இது ஏதோ புதுப் பைத்தியம் என்று சில பெரியவர்கள் வருத்தப்பட்டார்கள். இருநூறு வருடத்துக்கு முன்னால் பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வாத்தியக்காரர்களிடமிருந்து வயலினை வாங்கி நம் இசைக்குள் கொண்டு வந்தபோதும் யாராவது இப்படி வருத்தப்பட்டிருப்பார்கள். அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேய பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார், இன்றைக்கும் குழந்தைகள் நோட்டு ஸ்வரம் என்று பாடுகிறார்கள். கேட்டுப் பழகின காது எடுத்துக்கொள்ளும்.

ஒரு நண்பர் வீட்டுக் கல்யாண வரவேற்பில் முதல் தடவையாக வெளியே வாசித்தோம். ஹிந்தோளம், கீரவாணி, கடைசியில் மிஸ்ர சாபுவில் ஒன்று. மிஸ்ர சாபு ஏழு அட்சரம் என்பதால் ராக் கேட்டுப் பழகினவர்களுக்குக் கால் இடறும் என்று நினைத்திருந்தேன். கூட்டத்தில் இருந்த படகர் வீட்டுப் பெரியவர்கள்தான் முதலில் எழுந்து ஆட ஆரம்பித்தார்கள், அவர்களுக்கு எதுவும் இடறவில்லை. நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும்வரை நாயனமும் தவிலும் மட்டும் தொடர்ந்தன. அன்றிலிருந்து எந்தப் பாட்டைக் கட்டினாலும் ஒரு ஒத்திகையை எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு நடத்துகிறோம். கிட்டார் இல்லாமல் பாட்டு நிற்கவில்லை என்றால் நான் அதில் ரொம்பப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம், குறைத்துக்கொள்வேன்.

அந்தக் குழுவைக் கேட்க விரும்புகிறவர்கள் 'ரிஃப்ளெக்ஷன்ஸ்' தட்டிலிருந்து ஆரம்பியுங்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் செல்லோ எந்த வரியில் பேஸின் வேலையைத் தான் எடுத்துக் கொள்கிறது என்பது தெரியும். அப்புறம் 1968 தட்டு, அப்புறம் 1969இன் 'ஃபெய்த்ஃபுல் ஃபிரண்ட்ஸ்'. பிந்தைய இரண்டு தட்டுகளும் சாதாரண ராக் பக்கம் சாய்ந்துவிட்டவை, அவசரம் இல்லை. நாங்கள் இப்போது ஐந்தாம் பிராண்டன்பர்க்கின் முதல் பகுதியில் வரும் தொடக்க மெட்டை நாயனத்துக்கு எடுத்துக் கொண்டிருக்கிறோம். சங்கராபரண ஸ்வரங்களில் அழகாக உட்காருகிறது. அண்ணா அதற்கு ஒரு கல்பனா ஸ்வரம் போட்டுக் கொண்டு வந்திருக்கிறார், கீபோர்டு நண்பர் அதைத் தமிழில் ச ரி க ம என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொண்டு, எந்த இடத்தில் எடுப்புக்குத் திரும்புவது என்று அவரோடு இன்னும் வாதாடிக் கொண்டிருக்கிறார்.